நாம ஜபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம ஜபம் செய்ய ஆசைப்படுகிற பலர் தொடங்காமலே நின்றுவிடுகிறார்கள். குளித்தால்தான் சொல்லலாமா, மாலை வேண்டுமா, குரு வேண்டுமா, தப்பாகச் சொன்னால் பாவமா என்று ஒவ்வொரு சந்தேகமாக வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இந்தச் சந்தேகங்களில் முக்கால்வாசி, மந்திரத்துக்கு உள்ள விதிகளை நாமத்தின் மேல் ஏற்றிவிடுவதால் வருபவை. பதில்களைப் படிக்கும்போது இது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

நாம ஜபம் என்றால் என்ன?

கடவுளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. ராமா, கிருஷ்ணா, கோவிந்தா, சிவ சிவ, முருகா, அம்மா என்று எதுவானாலும் சரி. வாயால் சொல்லலாம், மனதுக்குள் சொல்லலாம், எழுதலாம், ராகம் போட்டுப் பாடலாம். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன் பெருமைகளை அடுக்கும்போது, யக்ஞங்களில் நான் ஜப யக்ஞம் என்கிறான். நெய் வேண்டாம், சமித்து வேண்டாம், புரோகிதர் வேண்டாம், ஏழையும் செய்யக்கூடிய ஒரே யக்ஞம் அதுதான்.

நாமமும் மந்திரமும் ஒன்றுதானே? எதற்குப் பிரித்துப் பேச வேண்டும்?

ஒன்றில்லை. ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான் பயத்துக்குக் காரணம்.

மந்திரத்துக்கு ரிஷி உண்டு, சந்தஸ் என்ற செய்யுள் அளவு உண்டு, தேவதை உண்டு. பல மந்திரங்களுக்கு உடம்பையும் விரல்களையும் தொட்டுச் செய்யும் அங்க நியாசம், கர நியாசம், தியான ஸ்லோகம் எல்லாம் உண்டு. வேத மந்திரம் என்றால் ஸ்வரம் பிசகக் கூடாது. எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு எண்ணிக்கை என்று கட்டுப்பாடும் உண்டு. காயத்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். உபநயனத்தில் காதோடு காதாக உபதேசம் வாங்கி, சந்தியாவந்தனத்தில் 108 முறை, முடியாவிட்டால் 28, அதுவும் முடியாவிட்டால் 10 என்று கணக்கு வைத்துச் சொல்கிறார்கள். அது மந்திரம்.

நாமத்துக்கு இதெல்லாம் கிடையாது. கலிசந்தரண உபநிஷத் என்று கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த ஒரு சிறிய உபநிஷத் இருக்கிறது. "ஹரே ராம ஹரே ராம" என்று பதினாறு நாமங்கள் கொண்ட மகாமந்திரம் அதில்தான் வருகிறது. கலியைக் கடக்க என்ன வழி என்று நாரதர் பிரம்மாவிடம் கேட்கிறார், பிரம்மா இந்தப் பதினாறு நாமங்களைச் சொல்கிறார். நாரதர் விடவில்லை, சரி, இதற்கு விதி என்ன என்று கேட்கிறார். நம்மைப் போலவே! விதி ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் சொல்லலாம் என்பது பிரம்மாவின் பதில். பெயரளவில் அதையும் மகாமந்திரம் என்றுதான் சொல்கிறோம், ஆனாலும் நாமம் என்பதால் அதற்கு இந்தச் சலுகை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. நமசிவாய என்ற ஐந்தெழுத்தான பஞ்சாட்சரம் அப்படித்தான். சைவ சித்தாந்த மரபில் அதை முறையாக ஜபிக்க தீட்சை வேண்டும். ஆனால் திருஞானசம்பந்தரே அதை "நாதன் நாமம் நமச்சிவாயவே" என்று பாடிவிட்டார். வைணவத்தில் ஓம் நமோ நாராயணாய என்ற திருஎட்டெழுத்தை ஆசாரியரிடம் பஞ்ச சம்ஸ்காரம் என்ற தீட்சை பெற்றுத்தான் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் திருமங்கை ஆழ்வார் "நாராயணா என்னும் நாமம்" என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி பாடுகிறார். ஆகவே பிரணவம் என்ற ஓம் சேர்த்து, எண்ணிக்கை வைத்து, சாதனையாகச் செய்ய வேண்டுமானால் தீட்சை பெற்றுச் செய்யுங்கள். நாராயணா என்று கூப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அப்படியானால் குருவே தேவையில்லையா?

நாமத்துக்குக் கட்டாயமில்லை. கிடைத்தால் நல்லது. குரு கொடுத்த நாமம் என்றால் அதைக் கைவிட மனது வராது, அதுவே பெரிய லாபம்.

குரு என்றால் மடாதிபதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேரளத்தில் காஞ்ஞங்காட்டில் ஆனந்தாசிரமம் அமைத்த சுவாமி ராமதாஸ் (1884–1963) ராம நாமத்தைத் தன் தகப்பனாரிடமிருந்துதான் பெற்றார். அவரிடமிருந்து அதைப் பெற்றவர் திருவண்ணாமலையில் வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார். அப்பாவோ பாட்டியோ சொல்லிக்கொடுத்த நாமம் உங்களிடம் இருந்தால் அதையே உபதேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாமத்தைச் சொல்வது? ராசி, நட்சத்திரம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

வேண்டாம். கால் இடறினால் உங்கள் வாயில் தானாக என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள். சிலருக்கு முருகா வரும், சிலருக்குக் குலதெய்வத்தின் பெயர் வரும். மாரியம்மா, அங்காளம்மா, கருப்பா என்று கூப்பிட்டாலும் அதுவும் நாமம்தான். சமஸ்கிருதத்தில் இருந்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால், ஆழ்வார்களும் நாயன்மார்களும் எந்த மொழியில் உருகினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. வாரத்துக்கு ஒரு நாமம் என்று மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு ராம நாமம், அடுத்த வாரம் இன்னொருவர் பேச்சைக் கேட்டுவிட்டு லலிதா நாமம் என்று தாவினால் எதுவும் நாக்கில் படியாது. பஜனையில் எல்லா நாமத்தையும் பாடுங்கள், அது வேறு. தினசரி ஜபத்துக்கு ஒன்று போதும்.

சிவ நாமம் உயர்ந்ததா, ராம நாமம் உயர்ந்ததா என்ற சண்டைக்கும் போக வேண்டாம். சிவனையும் விஷ்ணுவையும் பிரித்துப் பார்ப்பதையே நாமாபராதங்களில், அதாவது நாமத்துக்குச் செய்யும் குற்றங்களில், ஒன்றாகப் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பகுதியில், கலியில் கடைத்தேற நாமமே வழி என்ற நாம சித்தாந்தத்தைப் பரப்பிய இருவரில் போதேந்திர சுவாமிகள் ராம நாமத்தில் திளைத்தவர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் சிவபக்தர். இருவரும் ஒருவரை ஒருவர் கொண்டாடினார்கள்.

குளிக்காமல் சொல்லலாமா? படுக்கையில்? பஸ்ஸில்? மாதவிடாய் நாட்களில்? தீட்டு இருக்கும்போது?

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: சொல்லலாம்.

"துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்" நினையுங்கள் என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். தூங்கும்போதும் தூங்காதபோதும் என்று அர்த்தம். குளித்துவிட்டு வந்து தூங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. பூஜை, மந்திர ஜபம், கோயிலுக்குப் போவது ஆகியவற்றில் உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அப்படி நடந்துகொள்ளுங்கள். நாமத்துக்கு அந்தத் தடைகள் இல்லை. சாவு வீட்டிலேயே சிவ சிவ என்றும் கோவிந்தா என்றும்தானே சொல்கிறோம், அப்புறம் தீட்டுக்காரர் சொல்லக் கூடாது என்றால் என்ன நியாயம்?

அசைவம் சாப்பிடுகிறவர்கள் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். சொல்லலாம். அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை சில அமைப்புகளில் உண்டு, அந்த அமைப்பில் சேர்ந்தால் அதன் விதிப்படி இருங்கள். நாமத்துக்கென்று அப்படி ஒரு வாசல்காவல் கிடையாது.

காலையில் குளித்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்தால் மனது சீக்கிரம் படியும் என்பது உண்மைதான். முடிந்தவர்கள் செய்யுங்கள். முடியாதவர்கள் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

வாய் பாட்டுக்குச் சொல்கிறது, மனது எங்கேயோ போகிறது. இப்படிச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நன்றாகத் தொடங்கிய பலர் பாதியில் விடுவதும் இங்கேதான்.

கைகள் மாலையை உருட்ட, நாக்கு வாயில் உருள, மனம் பத்துத் திசையிலும் சுற்றுகிறது, இதற்குப் பெயர் ஸ்மரணையா என்று கபீர் கேலி செய்கிறார். கேலி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு மாலையைக் கீழே வைத்துவிட்டால் மனது உடனே ஒருமுகப்பட்டுவிடுமா? பழையபடியே சுற்றும். இப்போது கூடவே நாமமும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான குரல் ஒன்று இருக்கிறது. கொடுமுடியில் சுந்தரர் பாடியது: "நற்றவா உன்னை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார். மனதை அவர் நம்பவில்லை, நாக்கைத்தான் நம்புகிறார். எவ்வளவு நடைமுறை தெரிந்த பேச்சு பாருங்கள். மனது நம் பேச்சைக் கேட்காது, நாக்கு கேட்கும். கேட்கிறதை முதலில் பழக்கிவிட்டால் முளைக்குச்சியில் கட்டிய கன்று மாதிரி மனது எவ்வளவு ஓடினாலும் அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், மனது போனது தெரிந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அடுத்த நாமத்துக்கு வாருங்கள். எங்கே போனது, ஏன் போனது என்று ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தால் அது இன்னொரு ஊர் சுற்றல். கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லி, சொல்வதைக் காதால் கேளுங்கள். காது கேட்க ஆரம்பித்தால் மனதுக்குப் பாதி வேலை வந்துவிடும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். நாமத்தோடு ஒரு உருவம், ஒரு கோயில் சன்னிதி, ஒரு விளக்கு என்று எதையாவது சேர்த்து நினைக்க முடிந்தால் நினையுங்கள். முடியாவிட்டால் வெறும் சத்தமாகவே இருக்கட்டும். மனது நின்றால்தான் ஜபம் என்றால், மனது நின்றவருக்கு ஜபமே எதற்கு?

சத்தமாகச் சொல்வதா, முணுமுணுப்பதா, மனதுக்குள்ளா? எது உயர்ந்தது?

மூன்றுக்கும் பெயர் இருக்கிறது. பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைந்தால் உபாம்சு, அதுவும் அசையாவிட்டால் மானசம். யாகத்தைவிட ஜபம் பத்து மடங்கு, அதிலும் உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு என்று மனுஸ்மிருதி சொல்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலர் நேராக மானசத்தில் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறார்கள்!

அது மந்திர ஜபத்தை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. நாமத்தில் உரக்கச் சொல்வதற்கே மரியாதை அதிகம். வங்காளத்துக் கிருஷ்ண பக்தர் சைதன்யரின் அணுக்கத் தொண்டரான ஹரிதாசர் நாளொன்றுக்கு மூன்று லட்சம் நாமம் சொன்னவர் என்பார்கள். அவர் உரக்கத்தான் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், மனதுக்குள் சொன்னால் எனக்கு மட்டும்தான் லாபம், உரக்கச் சொன்னால் நாக்கில்லாத ஜீவன்களும் கேட்டுக் கடைத்தேறும் என்று வாதாடினார். வீட்டில் தனியாக இருந்தால் உரக்க, பஸ்ஸில் முணுமுணுப்பு, அலுவலகத்தில் மானசம் என்று இடம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மாலை கட்டாயமா? அதற்கு விதிகள் உண்டா?

கட்டாயமில்லை, ஆனால் உதவும். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் உடம்பு அடங்கி உட்காரும். விஷ்ணு நாமத்துக்குத் துளசி, சிவ நாமத்துக்கு ருத்திராட்சம் என்பது பொதுவான வழக்கம், ஸ்படிகம் யாரும் வைத்துக்கொள்ளலாம். 108 மணி, தலையில் ஒரு மேரு மணி. நடுவிரலில் மாலையைப் போட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளுவார்கள், ஆள்காட்டி விரல் படாமல் பார்த்துக்கொள்வார்கள். மேரு வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். கழுத்தில் போட்டுக்கொள்ளும் மாலை வேறு, ஜப மாலை வேறு.

மாலை இல்லையா, வலது கை இருக்கிறது. மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, அதன் அடிக்கணு, பிறகு சுண்டுவிரலில் கீழிருந்து மேலாக மூன்று, மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலில் மேலிருந்து கீழாக மூன்று. எண்ணிப் பாருங்கள், பத்து வரும். நடுவிரலில் தொடாமல் விட்ட இரண்டு கணுக்கள்தான் மேரு. சந்தியாவந்தனம் செய்கிறவர்களுக்கு இது பழகிய கணக்கு.

விரலில் மாட்டும் கவுண்டர், மொபைல் ஆப் எல்லாம் பயன்படுத்தலாமா? விரல் கவுண்டர் சரி. மொபைல் மட்டும் எனக்கு ஒத்துவராத யோசனை, எண்ணிக்கைக்காக எடுத்தவர் வாட்ஸ்அப்பில் போய் நிற்பார்.

தினம் எத்தனை சொல்ல வேண்டும்? கோடி சொன்னால்தான் சித்தியா?

எண்ணிக்கை நம்முடைய சோம்பேறித்தனத்துக்குப் போட்ட வேலி. அந்த அளவுக்கு அது நல்லது. ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானின் பக்தர்கள் மகாமந்திரத்தைத் தினம் 16 சுற்று சொல்கிறார்கள், அதாவது 1,728 முறை, பழகியவர்களுக்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். கலிசந்தரண உபநிஷத் சொல்லும் எண்ணிக்கை மூன்றரைக் கோடி. தினம் 16 சுற்று என்ற கணக்கில் போனால் அதற்கு ஐம்பத்தைந்து வருடம் ஆகும்! ஆக அந்தக் கணக்கு, ஆயுள் முழுக்கச் சொல் என்பதைத்தான் வேறு மாதிரி சொல்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தியாகராஜ சுவாமிகள் 96 கோடி ராம நாமம் ஜபித்து ராம தரிசனம் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தினம் ஒன்றேகால் லட்சம் வீதம் இருபத்தொரு வருடம் சொன்னால்தான் அந்த எண்ணிக்கை வரும். ஒரு நாளின் 86,400 விநாடியில் ஒன்றேகால் லட்சம் நாமம் என்றால் அவருக்குத் தூக்கமும் நாமமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம், வரலாறா இல்லையா என்று சண்டை போடவும் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு ஒரு மாலை, 108 போதும். இரண்டெழுத்து நாமம் என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தானாக இன்னும் சொல்ல வேண்டும் போல் தோன்றும் வரை கூட்ட வேண்டாம். முதல் வாரம் பத்தாயிரம், அடுத்த மாதம் பூஜ்யம் என்பதுதான் ஆர்வக்கோளாறின் வழக்கமான பாதை. எவ்வளவு முடித்தேன் என்று அடுத்தவரிடம் சொல்லிக்கொள்வதையும் தவிர்த்துவிடுங்கள், அது வேறு எதையோ வளர்க்கும்.

ஒருநாள் விட்டுப்போனால் தோஷமா?

இல்லை. மறுநாள் சொல்லுங்கள்.

அர்த்தம் தெரியாமல், நம்பிக்கை இல்லாமல் சொன்னால்கூடப் பலனா? இதை நம்ப முடியவில்லையே.

நம்ப முடியாதபடிதான் பாகவதமும் சொல்கிறது. யாரையோ கூப்பிடுவதற்காகவோ, வேடிக்கைக்காகவோ, பாட்டில் இட்டு நிரப்பவோ, அலட்சியமாகவோ சொன்னாலும்கூட நாமம் பாவத்தைப் போக்கும் என்று ஆறாவது ஸ்கந்தத்தில் வருகிறது. அஜாமிளன் கதை அங்கேதான். தவறான வாழ்க்கை வாழ்ந்தவன், பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர், சாகும் நேரத்தில் எமதூதரைப் பார்த்துப் பயந்து பிள்ளையைக் கூப்பிட, விஷ்ணுதூதர்கள் வந்துவிட்டார்கள்.

பிரசங்கங்களில் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மூலத்தில் கதை தொடர்கிறது. அஜாமிளன் அப்போது சாகவில்லை. இரண்டு தூதர்களும் வாதாடியதை எல்லாம் கேட்டபடி கிடந்து, பிழைத்து எழுந்து, தன் வாழ்க்கையை நினைத்து அழுது, வீட்டை விட்டுக் கங்காத்வாரத்துக்கு (ஹரித்வார்) போய் சாதனை செய்து, அதற்குப் பிறகுதான் வைகுண்டம் போகிறான். அந்த ஒரு கூப்பாடு அவனுக்கு வாங்கிக் கொடுத்தது, திருந்துவதற்கான அவகாசம். எனக்குக் கதையின் இந்தப் பின்பாதிதான் பிடிக்கும்.

சரி, அப்படியானால் பாவத்தைச் செய்துவிட்டு நாமத்தைச் சொல்லிக்கொண்டால் போதுமே?

இந்தக் கேள்வி வரும் என்று பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நாமாபராதம் பத்து என்று பட்டியல் போட்டவர்கள், நாமம் இருக்கிறது என்ற தைரியத்தில் பாவம் செய்வதையும் அதில் சேர்த்துவிட்டார்கள். சாதுக்களை நிந்திப்பது, குருவை அவமதிப்பது, வேதத்தை நிந்திப்பது, நாமத்தின் பெருமையெல்லாம் வெறும் புகழ்ச்சி என்று நினைப்பது, கேட்க விருப்பமில்லாதவரிடம் வலியப் போய் நாம மகிமை பேசுவது இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியாகச் சொன்னதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் பத்துச் செய்தி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

வால்மீகி "மரா மரா" என்று சொல்லி ராம நாமம் சித்தித்தது உண்மையா?

வால்மீகி ராமாயணத்தில் இது இல்லை. அத்யாத்ம ராமாயணத்தில் வருகிறது. வேடனாக இருந்தவன் வாயில் ராமா என்று வரவில்லை, ரிஷிகள் எழுத்தை மாற்றிக் கொடுத்தார்கள் என்பது கதை. உச்சரிப்பு சரியாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

ஸ்ரீராமஜயம் எழுதுவதும் ஜபம்தானா?

ஆம், லிகித ஜபம். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறவர்களுக்கும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும், மனது மிகவும் அலைபாயும் நாட்களுக்கும் இதுதான் நல்ல வழி. கை, கண், மனது மூன்றும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. 108 எழுதி மாலையாகக் கோத்து ஆஞ்சநேயருக்குப் போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. "ஸ்ரீ" வரிசை முழுவதும் கீழே வரை எழுதிவிட்டு, அப்புறம் "ரா" வரிசை, "ம" வரிசை என்று நிரப்பும் குறுக்குவழியும் நம் ஊரில்தான் உண்டு. அது வேண்டாமே.

கூட்டமாக உட்கார்ந்து பாடும் பஜனைக்கும் தனி ஜபத்துக்கும் என்ன வித்தியாசம்?

தனி ஜபத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டும். பஜனையில் மனது தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாளமும் ஜால்ராவும் நாலு பேர் குரலும் சேர்ந்தால் கூச்சம் போய்விடும். கிருத யுகத்தில் தியானத்தாலும், திரேதாவில் யாகத்தாலும், துவாபரத்தில் பூஜையாலும் கிடைப்பது கலியில் ஹரி கீர்த்தனத்தாலேயே கிடைக்கும் என்று பாகவதத்தின் கடைசி ஸ்கந்தம் சொல்வதைப் பஜனை மரபு முழுவதும் பிடித்துக்கொண்டது. வங்காளத்தில் சைதன்யர், மராட்டியத்தில் பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்க்கரிகள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு மரபு இருக்கிறது.

நம் பக்கத்து மரபு காவிரிக் கரையில் வளர்ந்தது. போதேந்திர சரஸ்வதி சுவாமிகளைக் காஞ்சி காமகோடி பீடத்தின் 59ஆவது ஆசாரியர் என்று மடத்தின் வரிசை சொல்கிறது. அவர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோவிந்தபுரத்தில் 1692இல் சித்தியடைந்தார். நாமத்தின் பெருமையைச் சாஸ்திரப் பிரமாணங்களோடு நிறுவி நூல்கள் எழுதியவர். அவரையும் ஸ்ரீதர ஐயாவாளையும் அடுத்து வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள், இன்று நாம் பார்க்கும் சம்பிரதாய பஜனை முறையை வகுத்தார். பஜனை மரபின் மும்மூர்த்திகள் என்று இந்த மூவரையும் சொல்வார்கள். காலப்போக்கில் போதேந்திரரின் அதிஷ்டானம், அதாவது சமாதி, இருந்த இடம் தெரியாமல் போக, சத்குரு சுவாமிகள் ஆற்று மணலில் நடந்து ஓரிடத்தில் பூமிக்குள்ளிருந்து ராம நாமம் கேட்டு இதுதான் என்று கண்டுபிடித்தார் என்பது செவிவழிக் கதை.

தொடக்கப் பாடலான தோடயமங்களம், குரு தியானம், ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் என்று போய், விளக்கைச் சுற்றி வந்து பாடும் திவ்யநாமம், பாடிக்கொண்டே வீதியில் அரிசி பிட்சை வாங்கும் உஞ்சவிருத்தி, ராதா கல்யாணம் அல்லது சீதா கல்யாணம் என்று இந்த முறைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நடுநடுவே "கோபிகா ஜீவன ஸ்மரணம்" என்று ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் "கோவிந்தா கோவிந்தா" என்பார்கள். "நம பார்வதீ பதயே" என்றால் "ஹர ஹர மகாதேவா". பாட வராதவர்கள் இந்தப் பதில் குரலை மட்டும் வாய் நிறையக் கொடுத்தாலும் போதும். உங்கள் ஊரில் மார்கழி வீதி பஜனை இன்னும் நடக்கிறது என்றால் அதைவிடச் சுலபமான ஆரம்பம் இல்லை.

ஜபத்தால் ரத்த அழுத்தம் குறையும், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்கிறார்களே?

கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலைப் பிரார்த்தனையை லத்தீனிலும், பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாகியது, இதயத் துடிப்பின் லயம் சீரானது. ஒரே அளவில் திரும்பத் திரும்பச் சொல்வதும் மெதுவான மூச்சும் உடம்புக்கு நல்லது என்பது அதில் தெரிகிறது. ராம நாமம் நோய் தீர்க்கும் என்று அது நிரூபிக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜபம் செய்யாதீர்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? வேலை, கல்யாணம், கடன் என்று வேண்டிக்கொண்டு சொல்லலாமா?

வேண்டிக்கொள்ளலாம், தப்பே இல்லை. துன்பம் தீர வருகிறவனையும் பொருள் வேண்டி வருகிறவனையும் கீதை பக்தர்களின் கணக்கில்தான் சேர்க்கிறது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது அவர் பாடியதும் "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே" என்றுதான். ஆபத்தில் கூப்பிடுவதற்குத்தானே பெயர்.

ஆனால் 48 நாளில் வேலை நிச்சயம் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. தருகிறவரைச் சந்தேகப்படுங்கள். முதலில் தெரியும் மாற்றம் சின்னதாகத்தான் இருக்கும். சிக்னலில் நிற்கும்போதோ, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதோ வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்திருக்கும். கோபம் வந்தால் சொல்லைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைக்கும்.

கடைசி நேரத்தில் சொன்னால் போதாதா? இப்போதே எதற்கு?

கடைசி நேரத்தில் யாரை நினைக்கிறானோ அவனையே அடைகிறான் என்று கீதை சொல்வது உண்மை. சிக்கல், அந்த நேரத்தில் நினைவு நம் கையில் இருக்காது. பெரியாழ்வார் இதை ஒளிக்காமல் சொல்கிறார். இளைப்பு வந்து என்னை நலியும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் "அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்" என்று அரங்கனிடம் முன்கூட்டியே கணக்குத் தீர்த்துவிடுகிறார். ஆழ்வாருக்கே அந்தப் பயம் என்றால் நாம் எந்த மூலை.

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்காக நான் சொல்லலாமா? காசு கொடுத்து வேறு யாரையாவது லட்சம் ஜபம் செய்யச் சொல்லலாமா?

அவருக்காக நீங்கள் சொல்லலாம், தாராளமாக. அவர் காதில் விழும்படி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் இன்னும் நல்லது, சொல்லும் தெம்பில்லாதவர்கள் கேட்டுக்கொண்டாவது இருப்பார்கள்.

ஆள் வைத்துச் செய்வது மந்திர ஜபத்தில் உள்ள வழக்கம். கிரக சாந்தி, மிருத்யுஞ்ஜய ஜபம் போன்றவற்றைச் சங்கல்பம் செய்து, தட்சிணை கொடுத்து, வைதிகர்களைக் கொண்டு செய்வார்கள். உங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இருந்தால், தெரிந்த சாஸ்திரிகளைக் கொண்டு வசதிக்குத் தக்கபடி செய்யுங்கள், கடன் வாங்கிச் செய்யாதீர்கள். ஆன்லைனில் பணம் கட்டினால் உங்கள் பெயரில் லட்சம் ராம நாமம் என்று விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள். அந்த நாமத்தை உங்கள் வாயாலேயே, ஒரு பைசா செலவில்லாமல், இப்போதே சொல்லிவிடலாம்.